மொட்டைக் கோபுரமும் செவ்வாய்க்கிழமைக் குடையும்

மன்னார்புரத்தில் என் எதிர்வீட்டுக் குழந்தைக்கு மூன்றரை வயது. நேற்று பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி, தன் இடுப்பளவுக்கு ஒரு கோபுரம் கட்டியிருந்தாள். நான் போன கையோடு உச்சியிலிருந்த இரண்டு கட்டைகளை எடுத்து ஓரமாக வைத்தேன். குழந்தை வீடே அதிர அழுதாள். அவள் அம்மா ஓடிவந்து, "என்ன பாட்டி, நீங்களே கலைச்சுட்டீங்களா?" என்றாள்.

கலைக்கவில்லை அம்மா, சரிசெய்தேன். ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரம் மொட்டையாக நின்ற காலத்தில் கட்டை அடுக்கக் கற்றவள் நான். கோபுரம் என்றால் பாதியில் நிற்க வேண்டும் என்று என் கைக்கு இன்னும் ஒரு எண்ணம். இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னால் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பாள். உங்களிடம் சொல்லலாம்.

பிளாஸ்டிக்குக்கு வாசனை கிடையாது. எங்கள் மரக்கட்டைகளில் நெல்தூசி வாசனை அடிக்கும். எங்கள் குழந்தைப் பள்ளிக்கூடம் நடந்ததே, நெல் கொட்டிவைக்கும் ஒரு அறையில்தான். இரண்டாம் உலக யுத்தகாலம், எனக்கு ஐந்து வயது. சென்னையில் பயிற்சி பெற்றுவந்த கோமளம் டீச்சர் எங்கள் தெருவில் ஆறு வீட்டு அம்மாக்களைச் சேர்த்து அதை ஆரம்பித்தார். ஒரு வீடு புளியங்கொட்டை தரும், ஒரு வீடு கொட்டாங்கச்சி தரும், ஒரு வீட்டார் காவிரி மணலைச் சலித்துக் கொண்டுவந்து கொட்டுவார்கள். தினம் ஒரு அம்மா முறை வைத்து வந்து டீச்சருக்குத் துணையாக இருக்க வேண்டும். சிலேட்டு கிடையாது, பிரம்பு கிடையாது. நாள் முழுக்க விளையாட்டுதான்.

என் அம்மாவின் முறை செவ்வாய்க்கிழமை. பதினான்கு வயதில் கல்யாணமாகி வந்தவள். கோயிலுக்கும் காவிரிக்கும் தவிர வாசற்படி தாண்டியதில்லை, அதுவும் மாமியார் கூட வந்தால்தான். அறைக்குள் நுழைந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிடுவாள். கட்டை அடுக்குவதில் எங்களுக்கு ஒரு கட்டைகூட விட்டுக்கொடுக்க மாட்டாள். அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு நான் அழுததுண்டு. டீச்சர்தான் பஞ்சாயத்து.

அறையைக் கொடுத்தவர் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர், தெருவுக்கே பெரிய மாமா. அறுவடை நெருங்கும்போது யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள், உள்ளே எழுத்தும் இல்லை எண்ணும் இல்லை, கும்மாளம்தான் என்று. வருகிற செவ்வாய்க்கிழமை தானே வந்து பார்ப்பதாகவும், சரியில்லையென்றால் அன்றைக்கே பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு அறையில் நெல் கொட்டப்போவதாகவும் சொல்லியனுப்பினார்.

அம்மா டீச்சரிடம் கெஞ்சியது எனக்கு நினைவிருக்கிறது. "அன்னிக்கு ஒரு நாள் மட்டும் அரிச்சுவடி சொல்ல வைக்கலாமே? எனக்கு இருக்கறது இந்த ஒரு நாள்தான், டீச்சர்."

"குழந்தைகளைப் பொய் சொல்ல வைக்கச் சொல்றேளா?" என்று கேட்டுவிட்டார் டீச்சர்.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர் ஒன்பதுக்கே வந்துவிட்டார். நாங்கள் அப்போது பெருமாள் புறப்பாட்டின் நடுவில் இருந்தோம். எங்கள் ஊர்க் குழந்தைகள் விளையாடினால் வேறு என்ன விளையாடும்? கைக்குட்டை சாத்திய மரக்கட்டைதான் பெருமாள். இரண்டு ஒட்டடைக் கம்புகளில் பலகையைக் கட்டி நாலு பேர் தோளில் ஏளப்பண்ணிக்கொண்டு, வலது நாலு, இடது நாலு என்று எண்ணி எண்ணி நடை போடுவார்கள். நான் அர்ச்சகர். அம்மாவுக்குக் குடை. அப்பாவின் கறுப்புக் குடையைத்தான் அவள் பிடித்திருந்தாள். செவ்வாய்க்கிழமை மழை வந்தால் அப்பா நனைந்துகொண்டு ஆபீஸ் போவார்.

வாசற்படிதான் மண்டகப்படி. பெருமாள் அங்கே நின்றார். நான் வரிசையாகத் தீர்த்தம் கொடுத்துக்கொண்டே வந்தேன். வெறும் டம்ளர், வெறும் கரண்டி. வரிசைக் கடைசியில் பெரிய மாமா நிற்கிறார், இடுப்பில் சாவிக்கொத்து. வரிசையில் நின்றால் கொடுக்க வேண்டியதுதானே? "தீர்த்தம் வாங்கிக்கோங்கோ மாமா" என்றேன்.

அவர் கை தன்னால் குழிந்தது. மேல்வேஷ்டியால் வாயை மறைத்துக்கொண்டு, இல்லாத தீர்த்தத்தை மூன்று தரம் வாங்கி உறிஞ்சி, ஈரமில்லாத கையைத் தலையில் தடவிக்கொண்டார். நான் டம்ளரைக் கவிழ்த்து, அவர் தலையில் வைக்கச் சடாரியாக நீட்டினேன். எனக்கு எட்டவில்லை. அவர் இன்னும் குனிந்து, கண்ணை மூடி வாங்கிக்கொண்டார். அப்புறம் கண்ணைத் திறந்து டம்ளரைப் பார்த்தார்.

டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. அந்த நேரத்தில் அம்மா சிரித்துவிட்டாள். பெரியவர்கள் எதிரில் தலைநிமிராத அம்மா, குடை ஆட ஆட, கண்ணில் தண்ணீர் வர, வாய்விட்டுச் சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

பெரிய மாமா சாவிக்கொத்தைத் தடவிக்கொண்டு அம்மாவையே பார்த்தார். பிறகு, "குடையை ஆட்டாம பிடி அம்மா. பெருமாள் மேலே வெயில் படறது பார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். பூட்டவில்லை. அந்த வருஷ நெல்லை அவர் வீட்டுக் கூடத்திலேயே கொட்டிக்கொண்டதாகவும், மாமி ஒரு மாதம் அவரோடு சண்டை போட்டதாகவும் கேள்வி.

அடுத்த வருஷம் பெரிய மாமா போய்விட்டார். பிள்ளைகள் வீட்டைப் பிரித்துக்கொண்டதில் நெல் அறை போயிற்று. கோமளம் டீச்சர் துறையூர்ப் பக்கம் வேலை கிடைத்துப் போனார். வீடு இருந்த இடத்தில் இன்று யாத்ரீகர்கள் தங்கும் லாட்ஜ். ராஜகோபுரத்தையும் கட்டி முடித்துவிட்டார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு இன்னும் பழகவில்லை.

பள்ளிக்கூடம் மூடினதும் நான் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதேன். அம்மா அழவில்லை. ஆனால் அதற்கப்புறமும் வெகுநாள், செவ்வாய்க்கிழமை மட்டும் இருட்டோடு எழுந்து, எட்டு மணிக்குள் அடுப்படித் தளிகையை முடித்து, தலைவாரிக்கொண்டு வாசல் ரேழி வரைக்கும் வருவாள். அங்கே அப்பாவின் குடையை மாட்டும் ஆணி காலியாக இருக்கும், குடை அவரோடு ஆபீஸ் போயிருக்கும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போவாள். மூடியது என்னுடைய பள்ளிக்கூடம் என்றுதான் நான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.