வலமாகத் திரும்பிய பலகை

அப்பாவின் பட்டறையில் மதிய வெயில் கூரைத் தகரத்தின் ஆணி ஓட்டைகள் வழியாகக் கம்பி கம்பியாக இறங்கும். மரத்தூள் அந்தக் கம்பிகளுக்குள் மிதந்துகொண்டிருக்கும். திண்டிவனம் சந்தைக்கு வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, ஏற்றிப்போகும் வண்டிகளின் சத்தம் தூக்கத்தில் கேட்பதுபோலக் கேட்கும். விழுப்புரத்தில் ஆசிரியர் பயிற்சியில் இருந்த நான், சனிக்கிழமை பாசஞ்சரில் வந்து இறங்கியதும் புடவைகூட மாற்றாமல் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அது எனக்கு எப்போதும் நினைவிருக்கும். மற்றவர்களுக்கும் நினைவிருக்கும்படி நடந்துகொள்வேன்.

அந்த வருஷம் உளி பிடித்தால் அப்பாவுக்கு மணிக்கட்டு வீங்க ஆரம்பித்திருந்தது. அதனால் பாண்டிச்சேரிக்குப் போய், கப்பலில் வந்த பழைய ரௌட்டர் மிஷின் ஒன்றை வாங்கி வந்தார். இரண்டு கைப்பிடி, நடுவில் மோட்டார், அடியில் ஒரு தட்டு, தட்டின் ஓட்டை வழியாக எட்டிப் பார்க்கும் கத்தி. அந்தக் கத்தி சுழன்றுகொண்டே போனால் பலகையின் விளிம்பு அலைபோல வளைந்து வரும். ஓடும்போது தேனீக் கூட்டம்போல முனகும். அந்த முனகலில் எனக்குக் கண் சொருகும்.

கோயிலில் உற்சவ அம்மனை நிறுத்தும் பலகைக்கு நான்கு பக்கமும் விளிம்பு போடும் வேலை வந்திருந்தது. ஊரார் கொடுத்தது ஒரே ஒரு பழந்தேக்குப் பலகை. கெட்டுப்போனால் அதுபோல வேறு கிடையாது. முதலில் ஒரு மாம்பலகையை மேசை நடுவில் ஆணியடித்து நிறுத்தி அப்பா பழகிப் பார்த்தார். மிஷின் விளிம்பைக் கடித்துக்கொண்டு முன்னால் பாய்ந்தது, அவரையும் இழுத்தது. இரண்டு கையும் கைப்பிடியில் இருந்ததால் விரல் தப்பியது. விளிம்பு மட்டும் எலி கடித்ததுபோல ஆயிற்று.

"கையக் குடுத்துட்டு அப்புறம் சோறு துன்றது எந்தக் கையால?" என்றாள் அம்மா. அவள் பட்டறை வாசலில் ஏந்திரக் கல்லைக் கையால் சுற்றிக் கேப்பை அரைத்துக்கொண்டிருந்தாள்.

"பேஜாரு புடிச்ச மிஷினு. நம்ம ஊரு மரம் இதுக்குப் புடிக்கல" என்றார் அப்பா.

நான் மிஷினைப் பார்க்கவில்லை, அவர் கால்களைப் பார்த்தேன். சாமிக்கான வேலை என்றால் எண்ணெய் பூசுவதானாலும் நூல் பிடிப்பதானாலும் மரத்தை வலமாகத்தான் சுற்றுவார். பழகும் பலகையையும் அப்படியே சுற்றினார். மிஷினின் மேல் பொறித்திருந்த அம்புக்குறியும் கத்தி வலமாகச் சுழல்வதையே காட்டியது. அதனால் கத்தி மரத்தை வெட்டாமல், வண்டிச் சக்கரம் ரோட்டில் உருள்வதுபோல விளிம்பில் உருண்டு ஓடப் பார்த்தது.

"அப்பா, நீங்க சுத்துற பக்கந்தான் கத்தியும் சுத்துது. அதான் இழுத்துக்கினு ஓடுது. எதிர்ப்பக்கமா போங்க."

"சாமி பலகையை இடமா சுத்தச் சொல்றியா? இதான் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்களா?"

"மாம்பலகை சாமி இல்லியே. அதுல சுத்திப் பாருங்க."

சுற்றினார். மிஷின் பால் கறக்கும் பசுபோல அடங்கி நடந்தது. மெழுகு தேய்த்ததுபோல விளிம்பு வந்தது. விரலால் தடவிப் பார்த்தவர் சுவிட்சை அணைத்தார். கத்தி நிற்கும்வரை காத்திருந்து மிஷினைக் கீழே வைத்தார்.

"நல்லாத்தான் வருது. ஆனா தேக்குல வாணாம். உளியாலயே செஞ்சிடறேன்" என்று மணிக்கட்டில் துணி சுற்ற ஆரம்பித்தார்.

எனக்குக் கோபம். மரத்தூள் குவியலின் மேல் சாய்ந்துகொண்டேன். ஏந்திரம் சுற்றியது. கல் போய்ப் போய் வந்தது. அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள், கல் மட்டும் சுற்றியது. அரைத்தூக்கத்தில் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று எழுந்தேன்.

"அப்பா, நீங்க ஏன் சுத்தணும்? நின்ன எடத்துலயே நில்லுங்க. மிஷினை எடக்கைப் பக்கத்துலேருந்து வலக்கைப் பக்கமா தள்ளுங்க. ஒரு பக்கம் முடிஞ்சதும் பலகையைத் திருப்பிக்கலாம்."

"எப்பிடித் திருப்புறது?"

தேக்கின் மேல் விரல் வைத்துப் பார்த்தேன். முன்பக்கம் முடிந்ததும் அவர் வலக்கைப் பக்கம் இருக்கும் விளிம்பு அவர் முன்னால் வரவேண்டும். அப்படி வர, பலகை வலமாகத்தான் திரும்பும். அதை நானே எதிர்பார்க்கவில்லை.

"வலமா" என்றேன்.

அப்பா மணிக்கட்டுத் துணியை அவிழ்த்தார். தேக்கில் ஆணி அடிக்க முடியாது என்பதால், அதை மேசையோடு இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பை ஒவ்வொரு பக்கத்துக்கும் கழற்றி மாட்டினோம். நார் குறுக்காக அறுபடும் பக்கத்தில் தொடங்கினார். மூலையில் நார் பிய்ந்து சிலும்பு எழுந்தாலும் அடுத்த பக்கத்தை வெட்டும்போது கத்தி அதைச் சீவிவிடும். கத்தியை ஒரேயடியாக இறக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். தேக்கு மணம் பட்டறை முழுக்கப் பரவியது. பலகை மெல்லத் திரும்பித் திரும்பி, தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது.

"மனுசன் வலம் வருவான். இங்க பலகையே வருது" என்றாள் அம்மா.

எனக்கு ஒன்று உறுத்தியது. பலகையின் கணக்கில் பார்த்தால் கத்தி அதை இடமாகத்தான் சுற்றி வந்திருக்கிறது. சொல்ல வாயெடுத்தேன். அப்பா விளிம்பிலிருந்த தூளை ஊதிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கத்தி எந்தப் பக்கம் போச்சுன்னு எனக்கும் தெரியும். நான் இடமா சுத்தல, நின்ன எடத்துலதான் இருந்தேன்" என்றார்.