மக்கீன் காக்காவின் பாகம்

இடது கைச் சுட்டுவிரல் கொப்பியில் வரி வரியாக இறங்கியது. வலது கை எண்களைத் தட்டியது. பதினொன்றரை. பதின்மூன்று. ஒன்பதே முக்கால். கொப்பியில் வெறும் எண்கள்தான் இருந்தன. எழுதியவர்கள் படகில் நின்று, ஈயக் கட்டி கட்டிய கயிற்றை இறக்கி, முடிச்சுகளை எண்ணி எழுதியவர்கள்; என்ன அளவு என்று சொல்லவேண்டிய தேவை அவர்களுக்கு வரவில்லை. அந்தக் கைகளோ ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் 'பாகம்' என்று சேர்த்தே தட்டின. இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனிவரை வருவது ஒரு பாகம்.

கைகளுக்குச் சொந்தக்காரி ஹுஸ்னியா. கல்முனையில் கணவன் அஸ்ஹரின் ஹாட்வெயார் கடைக்கு மேலே, பெயின்ட் வாளிகள் அடுக்கிய அறையில் அவளுடைய மேசை. உயர்தரத்தில் கணிதம் படித்ததோடு சரி. கணினி நிரல் எழுதுவது இணையத்தைப் பார்த்துத் தானாகவே பழகியது. முதன்முதலில் ஒரு வயற்காரருக்கு உரக்கணக்குப் போடும் நிரல் எழுதிக் கொடுத்தாள். அவர் ஏக்கரில் கொடுத்த எண்ணை நிரல் ஹெக்டேயராக எடுத்துக்கொண்டது. யூரியா இரண்டரை மடங்கு போனது. அந்தப் போகம் வயல் கரும்பச்சையாக எழும்பி, வரம்பில் போனவர்கள் எல்லாரும் நின்று பாராட்டி, அதற்குப் பிறகு மொத்தமாகப் படுத்துவிட்டது.

அன்றிலிருந்து அவளுடைய நிரல்கள் அலகு இல்லாத எண்ணை உள்ளே விடுவதில்லை. மீற்றரையும் அடியையும் கூட்டச் சொன்னால் நின்றுவிடும். வீட்டிலும் இதே சட்டம்தான். "கொஞ்சம் உப்புப் போடுங்க" என்று யாரும் அவளிடம் சொல்லிவிட முடியாது.

இப்போது கையில் இருந்தது பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்றின் வேலை. ஒலுவில் துறைமுகத்துப் படகுகள் பத்து வருசமாக எழுதிவைத்த ஏழு கொப்பிகளிலிருந்து கடலடியின் ஆழப் படம் தயாரிக்க வேண்டும். கொப்பிகளைச் சேர்த்துக் கொடுத்தவர் ஜவாத் என்ற படகுக்காரர். கடலுக்குள் எங்கே கல்மேடு இருக்கிறது என்று தெரியாமல் இரண்டு தரம் வலையைக் கிழித்துக்கொண்டவர். மூன்றாம் தரம் கிழிந்தால் படகை விற்பதைத் தவிர வழியில்லை என்று கொப்பிகளைக் கொடுக்கும்போதே சொல்லியிருந்தார்.

ஹுஸ்னியா ஒரு பாகத்துக்கு 1.8288 மீற்றர் என்று போட்டாள். நான்கு தசம தானம். அந்த நான்கையும் பார்க்க அவளுக்கே பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், குழுவில் தரவுக்குப் பொறுப்பான வினோஜ் தொலைபேசியில் வந்தான். காரைதீவுக்காரன், மரியாதையான பிள்ளை. அவர்கள் கருவியால் அளந்த இருபத்து மூன்று இடங்களிலும் கொப்பிக் கணக்கு ஆழத்தைக் கூட்டிக் காட்டுகிறதாம்.

"குத்துமதிப்பா எழுதியிருக்காங்க அக்கா. திங்கட்கிழமை படம் போகணும். கொப்பிய விட்டிருவம்."

கொப்பியை விட்டால் கல்மேட்டுப் பக்கம் படத்தில் வெறும் வெள்ளையாகக் கிடக்கும். குழுவின் படகு அங்கே போகவேயில்லை. ஹுஸ்னியா யோசித்துச் சொல்வதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

வைத்த கையோடு அஸ்ஹரின் அழைப்பு வந்தது. சாமான் எடுக்கப் போனவன் சாப்பாட்டுக்கு "இப்ப வாறன்" என்றான். அவள் எழுந்து பக்கத்து அடுப்படிக்குப் போய் அப்போதுதான் உலையில் அரிசியைப் போட்டாள். அஸ்ஹரின் 'இப்ப' நாற்பது நிமிடம். கலியாணம் முடித்து ஏழு வருசத்தில் அது முப்பதும் ஆனதில்லை, ஐம்பதும் ஆனதில்லை. அதை நம்பி மீன் பொரிக்கலாம்.

அகப்பையோடு நின்றவள் அப்படியே மேசைக்குத் திரும்பினாள். கருவியின் ஆழத்தைக் கொப்பியின் ஆழத்தால் வகுத்தாள். 0.86. 0.86. 0.85. 0.86. இருபத்து மூன்று இடத்திலும் அதே கதைதான். குத்துமதிப்பாக எழுதுகிறவன் ஒருதரம் கூட்டுவான், ஒருதரம் குறைப்பான். பத்து வருசம், ஏழு படகு, எல்லாம் ஒரே அளவில் பிழைக்குமா? பிழையை வேறெங்கோதான் தேட வேண்டும். சோறு அடிப்பிடித்தது. அஸ்ஹர் நாற்பதாவது நிமிடம் வந்து அதையே சாப்பிட்டான்.

மறுநாள் பஸ் ஏறி ஒலுவிலுக்குப் போனாள். ஜவாத் கயிற்றை எடுத்துக் கொடுத்தார். ஹுஸ்னியா தையல் நாடாவைப் பிடித்தாள். முடிச்சுக்கு முடிச்சு நூற்று ஐம்பத்தேழு சென்ரிமீற்றர். அடுத்த படகிலும் அதேதான். ஏழு படகுக்கும் முடிச்சுப் போட்டவர் ஒருவரே என்றார் ஜவாத். ஊரே அண்ணன் முறையில் கூப்பிடும் மக்கீன் காக்கா போட்ட முடிச்சுத்தான் உப்புத்தண்ணியில் நகராதாம்.

மக்கீன் நிழலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தான் முடிச்சுப் போட்ட பாகம் அளவில் குறைவு என்று கேட்டதும் எழுந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். வலக்கை நேராகப் போனது. இடக்கை முழங்கையோடு மடங்கி நின்றது. இருபத்தைந்து வருசத்துக்கு முன் படகில் விழுந்து முறிந்த கை.

"இவ்வளவு காலமும் எங்களுக்குக் கடல ஆழமாக்கிக் காட்டியிருக்கீங்க காக்கா," என்றார் ஜவாத்.

"அந்த ஆழத்துல வல போட்டுத்தானே திண்டாய்," என்றார் மக்கீன். பிறகு ஹுஸ்னியாவைப் பார்த்தார். "ஏன் புள்ள, ஒங்கட கொம்பியூட்டர்ல இருக்கிற பாகம் ஆருட கை?"

"ஆருட கையுமில்ல காக்கா. ஆறடி எண்டு வெச்சிருக்காங்க."

"அப்ப என்ட பாகத்துக்கு ஒரு ஆளாவது இருக்கு."

ஹுஸ்னியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாரிடமும் அலகு கேட்கிறவள், கயிற்றிடம் மட்டும் கேட்க மறந்திருந்தாள். "ஒங்கட கயிறு பிழையில்ல காக்கா. நான் போட்ட எண்தான் பிழை," என்றாள்.

அன்றே நிரலில் ஒரு புதிய வரி ஏறியது: ஒரு மக்கீன் பாகம், 1.57 மீற்றர். இரண்டு தசம தானம். அதற்கு மேல் கயிற்றுக்கும் தெரியாது. அப்படி ஓர் அலகு உலகத்தில் இல்லையே என்றான் வினோஜ். இப்ப இருக்கு, ஓட்டிப் பாருங்க தம்பி என்றாள். இருபத்து மூன்று இடத்திலும் வித்தியாசம் அரை மீற்றருக்குள் வந்து நின்றது. வினோஜ், அறிக்கையில் மக்கீனுடைய முழுப் பெயர் போட வேண்டுமா என்று கேட்டான்.

குழுவுக்கு மீற்றரில் ஒரு படம் போனது. படகுகளுக்கு இன்னொன்று அடித்தாள். மீற்றரில் கொடுத்தால் கயிற்றோடு சேராது. அதனால் அவர்களுடைய கயிற்றின் அளவிலேயே. பதினொன்றும் பன்னிரண்டுமாக எண்கள் நிறைந்த இடத்தின் நடுவே கல்மேடு சிவப்பில் 'ஏழு' என்று நின்றது. அடியில் ஒரு வரி: எல்லா ஆழமும் மக்கீன் பாகத்தில்.

செவ்வாய்க்கிழமை காலை துறைமுகத்தில் மக்கீன் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார். "புள்ள சரியா அலகு போட்டிருக்கா," என்று ஜவாதிடம் சொன்னார், தானே அதைக் கேட்டு வாங்கியவர் மாதிரி. ஜவாத் உடுத்தியிருந்த சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டார். ஹுஸ்னியா படத்தைச் சுருட்டி, மழை படாமல் பொலித்தீன் பைக்குள் இட்டு, ஜவாதின் கையில் கொடுத்தாள்.