பாவா செய்த கீல் நட்டு

பாவா உள்ளங்கையை விரித்துக் காட்டியபோது, அதில் இருந்தது ஒரு நட்டு என்றே எனக்குத் தெரியவில்லை. ஆறு பக்கம் உள்ள சாதாரண நட்டின் அளவுதான். ஆனால் நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது. ஒரு பக்கம் சின்னக் கீல், மறுபக்கம் பொட்டு மாதிரி ஒரு திருகு. திருகைத் தளர்த்தி நகத்தால் நெம்பினார். நட்டு பாக்குவெட்டி போல வாயைத் திறந்தது. உள்ளே மரை பளபளத்தது. மூடினார், ‘டக்’ என்றது. மறுபடி திறந்தார், மறுபடி மூடினார். நான் திருத்தணி டெலிபோன் ஆபீசில் வேலை முடிந்து, நேராக பஸ் ஏறி அம்மையார்குப்பத்தில் அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “இன்னா மச்சினிச்சி, எப்பிடிக் கீது?” என்று கேட்டார். “நல்லாத்தான் இருக்கு பாவா, பாக்கு வெட்டுமா?” என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவைப் பார்த்தேன், அவளும் சிரிக்கவில்லை.

பாவா என்பது என் அக்காவின் கணவர். எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்கும். அக்கா கணவரை அத்தான் என்று கூப்பிட்டால் சினிமா பார்த்துக் கெட்டுப்போய்விட்டாள் என்பார்கள். பாவாவுக்கு ஆர்.கே.பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை. வீட்டில் இரண்டு விசைத்தறி இருந்தது. அவற்றை ஓட்டியது அக்கா. காலையில் மின்சாரம் வந்ததும் இரண்டு தறிகளுக்கும் நடுவில் போய் நிற்பாள். இந்தப் பக்கம் இழை அறுந்தால் இதை நிறுத்தி முடிச்சுப் போடுவாள், அந்தப் பக்கம் அறுந்தால் அதை. பாவா பட்டறையிலிருந்து திரும்பும்போதும் அங்கேயேதான் நின்றுகொண்டிருப்பாள்.

அந்த நட்டு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். விசைத்தறியின் இரண்டு பக்கச் சட்டங்களையும் இழுத்துப் பிடிக்க அடியில் ஒரு நீளக் கம்பி ஓடும். அதன் முனையில் நட்டு இருக்கும். தறி ஆடுகிற ஆட்டத்தில் அந்த நட்டின் மரை தேய்ந்து வழுக்க ஆரம்பித்துவிடும். புது நட்டைக் கம்பியின் முனை வழியாகத்தான் ஏற்ற வேண்டும். ஆனால் முனைக்கு எதிரில், விரல் நுழையும் இடம்கூட விடாமல், பெரிய சக்கரம் நிற்கும். சக்கரத்தைக் கழற்ற வேண்டுமென்றால் பாவு, அதாவது நீளவாட்டு நூல், சுற்றிய உருளையை இறக்க வேண்டும்; அதற்குப் பாதி நெய்த பாவை அறுக்க வேண்டும். அறுத்த பாவை மறுபடி இழை இழையாகப் பிணைப்பதற்குள் உயிர் போய்விடும். நெசவு வீடுகளில் பாதிப் பாவை அறுப்பது என்றால் யாருக்கும் மனசு வராது. தேய்ந்த நட்டைக் கம்பி போட்டுக் கட்டி, சாமியை வேண்டிக்கொண்டு ஓட்டுவார்கள். பாவாவின் நட்டுக்கு முனையே வேண்டாம். பக்கவாட்டில் கையை நுழைத்து, கம்பியைக் கவ்வ வைத்து, மூடி, ஸ்பேனரால் ஒரு திருப்புத் திருப்பினால் முடிந்தது. பாவு அப்படியே இருக்கும்.

முதல் நட்டை எங்கள் அக்காவின் வாசல் பக்கத் தறியில்தான் போட்டார். நட்டு கழலாமல் பிடித்து நின்றது. செய்தி பரவிவிட்டது. பள்ளிப்பட்டிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: “உங்க வூட்டுத் தறியில போட்டுக் கீறீங்களா?” “ஆங், வந்து பாருங்க” என்று பாவா டார்ச்சை அடித்துக் காட்டுவார். அவர்கள் முட்டி போட்டுக் குனிந்து பார்ப்பார்கள். ஓடுகிற தறியின் பக்கத்தில் அக்கா ஒதுங்கி நிற்பாள். அந்த நாட்களில் பாவா நடக்கிற நடையே வேறு. பட்டறை முதலாளி அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டு ‘மேஸ்திரி’ என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அக்காவுக்கு மட்டும் அந்த நட்டைக் கண்டால் பயம். காரணம் இல்லாமல் இல்லை. இரண்டு வீடு தள்ளி ஒரு பெண்ணுக்கு, தறியிலிருந்து நாடா தெறித்து ஒரு கண் போயிருந்தது. நாடா என்பது ஊடை நூலைச் சுமந்துகொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாய்கிற கட்டை. இரண்டு முனையிலும் இரும்புக் கூர் இருக்கும். சட்டம் கொஞ்சம் தளர்ந்தாலும் அது தடம் மாறி வெளியே பாயும். சட்டத்தைப் பிடித்திருப்பது நட்டு. நட்டைப் பிடித்திருப்பது பொட்டளவு திருகு. “தொறக்கறதுக்குன்னே செஞ்சது, என்னிக்காவது தானா தொறந்துக்காதா?” என்று அக்கா கேட்டாள். எனக்கு நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. பாவு முடிந்ததும் சாதாரண நட்டையே மாட்டிவிடும்படி கெஞ்சினாள். பாவா கேட்கவில்லை. “செஞ்சவன் வூட்டுலயே இல்லன்னா எவன் வாங்குவான்? எம்மேல நம்பிக்கை இல்லியா உனக்கு?” என்றார். அக்கா திரும்பித் தறிக்குப் போனாள்.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு அக்கா திருத்தணியில் எங்கள் அம்மா வீட்டுக்கு வந்தாள். அப்போது அவள் வயிற்றில் பையன் இருந்தான். காவடிக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போனது. மஞ்சள் துணியும் பம்பைச் சத்தமுமாக ஊர் ஒரே அமளி. அக்கா உள்ளே படுத்துத் தூங்கிக்கொண்டே இருந்தாள். அப்படித் தூங்கி நான் அவளைப் பார்த்ததே இல்லை. தறிச் சத்தம் காதில் விழாததால்தான் தூங்குகிறாள் என்று அம்மா சொன்னாள். கிருத்திகை முடிந்து அவளைக் கொண்டுபோய் விட்டபோது, நட்டு இருந்த இடத்தில் பாவா ஒரு தகரத்தை வளைத்து மூடி அடித்திருந்தார். பஞ்சுத் தூசி அடையாமல் இருப்பதற்கு என்றார். அக்காவின் முகம் செத்துவிட்டது. “முன்ன கண்ணால பார்த்துகினாவது இருந்தேன். இப்ப அதுவும் போச்சு” என்று என்னிடம் சொன்னாள்.

பையன் பிறந்தான். தவழ்ந்தான். நடக்க ஆரம்பித்ததும் மற்ற பிள்ளைகளைப் போலவே அம்மாவைத் தேடித் தறி அறைக்கு ஓடி வந்தான். நெசவு வீட்டுப் பிள்ளைகள் தறிக்கு அடியில்தான் வளரும், அது ஒன்றும் புதிதில்லை. அக்கா மட்டும் விடவில்லை. பழைய புடவையைக் கிழித்து அவன் இடுப்பில் கட்டி, மறுமுனையை முன் அறைத் தூணில் கட்டிப் போட்டாள். அவன் இழுத்து இழுத்துப் பார்த்து, அழுது, அப்படியே தரையில் தூங்கிப்போவான். இடுப்பில் சிவந்த தடம் இருக்கும். ஒருநாள் முடிச்சை எப்படியோ அவிழ்த்துக்கொண்டு வாசல் பக்கத் தறி வரைக்கும் வந்துவிட்டான். அக்கா அவனை அடித்த அடியை நான் பார்த்தேன். கையைப் பிடித்துத் தடுத்தேன். “மாட்டையாடி கட்டி வெச்சிருக்க?” என்று கத்தினேன். “கண்ணு போனா நீ குடுப்பியா?” என்று அவளும் கத்தினாள். தெருவில் அவளுக்கு ஈவு இரக்கம் இல்லாதவள் என்று பெயர் வந்துவிட்டது. மாமியார் வீட்டுப் பக்கமும் சாடைமாடையாகப் பேசினார்கள். அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் காது முழுவதும் அந்தத் தகரத்தின் மேலேயே இருந்தது.

பாவா சாயங்காலம் வந்ததும் முதல் வேலையாகப் பையனை அவிழ்த்து விடுவார். தோளில் தூக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போவார், பொறை வாங்கித் தருவார். பையன் பஸ் சத்தம் கேட்டாலே “நைனா, நைனா” என்று குதிப்பான். அவன் பேசிய முதல் வார்த்தையும் அதுதான். அம்மா என்றால் அவனுக்குக் கட்டிப் போடுகிறவள், அப்பா என்றால் அவிழ்த்து விடுகிறவர். அவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் அந்தக் கட்டு நின்றது. அதற்குள் அவனுக்கு அம்மாவிடம் இருந்த ஒட்டுதலும் நின்றுவிட்டது. காய்ச்சல் வந்தால்கூட அவன் அப்பா பக்கம்தான் திரும்பிப் படுப்பான்.

பையன் பெரிய வகுப்புக்குப் போன காலத்தில் பாவா பழைய தறிகளை விற்றுவிட்டுப் புதிது வாங்க முடிவு செய்தார். அன்று எனக்கு லீவு, நானும் போயிருந்தேன். வாங்கியவர் ஒரு மெக்கானிக்கை அனுப்பியிருந்தார். அவன் வாசல் பக்கத் தறியின் அடியில் படுத்துத் தகரத்தைப் பெயர்த்தான். பெயர்த்துவிட்டு, “இன்னா மேஸ்திரி, கீல் நட்டு கீல் நட்டுன்னாங்க, இதுல சாதா நட்டுல்ல கீது?” என்றான். பாவா அவனை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி வெளியே அனுப்பினார். பிறகு அக்காவிடம் திரும்பினார். அவர் முகத்தில் ஒரு வெட்கம், ஒரு சந்தோஷம். சீர் கொண்டுவந்து கொடுப்பவர் முகம்போல இருந்தது.

“உனக்கோசரம்தான் மாத்தினேன்” என்றார்.

“எப்போ?”

“நீ புள்ளைய வயித்துல வெச்சிகினு ஆடிக்கு உங்கம்மா வூட்டுக்குப் போனியே, அப்போ. பாவும் முடிஞ்சிருந்துது. சக்கரத்தைக் கழட்டி மாத்திட்டேன். வர்றவன் எட்டிப் பார்ப்பான்னு தகரம் அடிச்சேன்.”

“எங்கிட்ட சொல்லல.”

“உங்கிட்ட சொன்னா நீ கொழாயண்ட பொம்பளைங்ககிட்ட சொல்லுவ. செஞ்சவனே கழட்டிட்டான்னு ஊரே சிரிக்கும்.”

அக்கா குனிந்து அந்தச் சாதாரண நட்டைத் தொட்டுப் பார்த்தாள். “நான் அவனைக் கட்டிப் போட்டப்போ பார்த்துகினுதானே இருந்தீங்க?” என்று கேட்டாள். குரல் உயரவில்லை. பாவாவுக்கு அந்தக் கேள்வி புரியவே இல்லை. “சாயந்தரம் நான்தானே வந்து அவுத்து வுட்டேன்?” என்றார். அக்கா உள்ளே போய் உலை வைத்தாள்.

அன்றைக்குப் பிறகு இதை நான் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். பெண்டாட்டியின் பயத்துக்காகத் தன் பெருமையைத் தானே கழற்றி வைத்தார் என்று நினைத்தால் மனசு இளகுகிறது. ஊர் வாய்க்குப் பயந்து அவளைப் பயத்திலேயே விட்டுவைத்தார் என்று நினைத்தால் கோபம் வருகிறது. உண்மையில் அவருக்கே அந்த நட்டின் மேல் சந்தேகம் வந்துவிட்டதோ என்றும் தோன்றும். அப்படியானால் மற்றவர்கள் தறியில் இருந்த நட்டுகளைப் பற்றி ஏன் வாயைத் திறக்கவில்லை? ஒருமுறை நேராகவே கேட்டேன். “அதெல்லாம் கெட்டி நட்டு மச்சினிச்சி” என்று மட்டும் சொன்னார். அதுவும் பொய்யில்லை. யார் வீட்டுத் தறியிலும் அது கழன்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. பாவா கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியாது. அதனால்தான் எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

பாவா காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. இப்போது தெருவில் தறி ஓடாத வீடுகளும் உண்டு, அடியில் குனிந்து பார்க்க யாரும் வருவதில்லை. பையன் சென்னையில் இருக்கிறான். இந்த ஆடிக் கிருத்திகைக்கு மனைவி குழந்தையோடு வந்திருந்தான். குழந்தை அக்காவின் மடியை நோக்கித் தத்தித் தத்தி ஓடியது. அவன் எட்டி அதன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டான். வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகப் போய்விட்டது. அக்கா விரித்த கைகளை மடக்கிக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். எனக்குத் தாங்கவில்லை. பின்னாலேயே போய், “இப்பவாவது அவன்கிட்ட நடந்ததைச் சொல்லிடட்டுமாக்கா? நீ எதுக்காகக் கட்டிப் போட்டேன்னு அவனுக்குத் தெரியட்டுமே” என்றேன்.

“இன்னான்னு சொல்லுவ?” என்றாள் அக்கா. “உங்கம்மா உன்ன சும்மாவே கட்டிப் போட்டாள்னா?”