உடைந்த சிமினியும் நூதனசாலைப் பிள்ளையாரும்

எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. இதை இவர் கலியாணம் கட்டிய முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் நடக்கப் பழகும்போதே தெரிந்துகொண்டார்கள்.

அந்த வருடம் நாங்கள் உரும்பிராயில் இருந்தோம். சண்டையால் கரண்ட் நின்றுபோய் இரண்டு வருடமாகிவிட்டது. எங்கள் வீட்டில் ஒரு மேசை லாம்பு இருந்தது. பத்து வயது மகள் புலமைப்பரிசில் சோதனைக்கு அதை வைத்துத்தான் படித்தாள். அதன் கண்ணாடிச் சிமினியை நான் பெற்ற மூன்றாவது பிள்ளையைப் போலப் பார்த்தேன். சாம்பல் தொட்டுக் கழுவுவது நான், துடைப்பது நான், வேறு யாரும் கை வைக்கக் கூடாது. உடைந்தால் வாங்குவதற்குக் கடையில் சிமினி கிடையாது.

ஒரு பின்னேரம் குசினிக்குள் சிலீர் என்று சத்தம் கேட்டது. ஓடிப்போனேன். குசினி அரைச் சுவருக்குக் கீழே சிமினி தூள் தூளாகக் கிடந்தது. பக்கத்தில் என் ஏழு வயது மகன், கையில் பந்தோடு நின்றான். பிறகென்ன விசாரணை வேண்டிக்கிடக்கிறது?

"போடு பத்துத் தோப்புக்கரணம்" என்றேன்.

அவன் காதைப் பிடித்துக்கொண்டு குந்திக் குந்தி எழும்பினான். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் "நான் உடைக்கேல்லை" என்றான். பத்தையும் எண்ணித்தான் விட்டேன்.

அடுத்த நாள் காலை, தேநீர் குடித்த தகரப் பேணியைக் கழுவி அதே சுவரில் வைத்தேன். நான் திரும்பி இரண்டு அடி போகவில்லை, பேணி தானாகச் சறுக்கி நிலத்தில் விழுந்து உருண்டது. சீமெந்து அந்த இடத்தில் சரிந்து கிடந்திருக்கிறது. முதல் நாள் சிமினியை ஈரத்தோடு அங்கே வைத்தது நான். நிமிர்ந்து பார்த்தால் வாசல்படியில் மகன். பேணியைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். திரும்பிப் போய்விட்டான்.

அன்றோடு என்னுடன் கதைப்பதை நிறுத்தினான்.

சும்மா இல்லை, ஐந்து நாள். தமக்கையிடம் சொல்வான்: "அக்கா, எனக்குப் பசிக்குதெண்டு அம்மாட்டைச் சொல்லு." நான் பக்கத்திலேயே அகப்பையோடு நிற்பேன். அவள், "அம்மா, தம்பிக்குப் பசிக்குதாம்" என்பாள். முதல் நாள் எனக்குச் சிரிப்பாக இருந்தது. மூன்றாம் நாள் சோறு இறங்கவில்லை.

"உம்மடை பிழை எண்டு சொல்லிவிடுமன்" என்றார் இவர்.

"நல்ல கதை. பெத்த பிள்ளையிட்டைப் போய் நான் மன்னிப்புக் கேக்கிறதோ?" என்றேன். என் அம்மா என்னிடம் கேட்டதில்லை. எங்கள் ஊரில் எந்தத் தாயும் கேட்டதாக நான் அறியவில்லை. ஆனாலும் அவன் என்னோடு கதைக்க வேண்டும், அவ்வளவுதான். இனிப்புச் செய்து கொடுத்து அவனை இளக்கச் சீனி இல்லை. படம் ஓடுகிற கொட்டகை இல்லை. பட்டணத்தில் பழைய சாமான்களைக் காட்சிக்கு வைக்கிற நூதனசாலை திறந்திருக்கிறது, உள்ளே போகக் காசு கேட்கிறதில்லை என்று யாரோ சொன்னார்கள். சனிக்கிழமை காலை மகனைச் சைக்கிள் கரியரில் ஏற்றினேன். மகள் தன் சைக்கிளில் பின்னால் வந்தாள். குண்டு போடுகிற பொம்மர்ச் சத்தம் இல்லாத நல்ல காலை. வழி முழுக்க அவன் என் இடுப்பைப் பிடிக்காமல் சீற்றின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தான். சைக்கிள் பள்ளத்தில் விழுந்தபோதுகூடப் பிடிக்கவில்லை. வைராக்கியத்தைப் பாருங்கள், என்னிடமிருந்து வந்ததுதான்.

நூதனசாலை வாசலிலேயே கல்லில் செய்த சாமிகள் தெரிந்தன. நான் செருப்பைக் கழற்றினேன். மகன் தன் பாட்டில் சேட்டைக் கழற்றி இடுப்பில் கட்டினான். நல்லூர்க் கோயிலிலே செய்கிற மாதிரித்தான்.

அங்கே காவலுக்கு இருந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க, மெலிந்த மனிதர். எங்களைத் தவிர வேறு ஒருவரும் வந்திருக்கவில்லை.

"செருப்போடை வரலாம் தங்கச்சி, இது கோயில் இல்லை" என்றார்.

"உள்ளுக்கை சாமி இருக்கெல்லோ அண்ணை" என்றேன்.

"அது சரிதான்" என்று சொல்லிவிட்டு, அவரும் யோசித்துத் தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

பல்லக்கு, பீரங்கி, திமிங்கில எலும்பு எல்லாம் காட்டினார். மகள் வாயைத் திறந்தபடி வந்தாள். மகன் வாயை மூடியபடி வந்தான். ஒரு மேசைக்குக் கிட்ட வந்ததும் அவன் கால் நின்றுவிட்டது. மேசையில் ஒரு லாம்பு. எங்கள் லாம்பேதான், அதே வயிறு, அதே திருகாணி. மேலே கீறல் விழாத சிமினி. கீழே அட்டையில் 'பழங்கால விளக்கு' என்று எழுதியிருந்தது.

"மாமா, உது எங்கடை வீட்டிலை இப்பவும் இருக்கு" என்றாள் மகள். "சிமினிதான் இல்லை."

அந்த மனிதர் சிரித்தார். "என்ரை வீட்டிலையும் அந்தக் கதைதான் பிள்ளை. வீட்டிலை போத்திலிலை திரி போட்ட விளக்குப் புகையைக் குடிச்சுப்போட்டு இஞ்சை வந்து நான் உதைத் துடைக்கிறன்." பிறகு பேச்சுவாக்கில், "உங்கடை சிமினியை ஆர் உடைச்சது?" என்று கேட்டார்.

மகள் நிலத்தைப் பார்த்தாள். மகன் என்னைப் பார்த்தான். ஐந்து நாளில் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தான். சொல்லியிருக்கலாம்.

"உடைஞ்சு போச்சு" என்றேன்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டான். அந்த நேரம் என்னை நானே அறைந்திருப்பேன். ஒரு சொல், ஒரேயொரு சொல், அதற்குக்கூட இந்த வாய் உதவவில்லை. ஏசுவதென்றால் மட்டும் எங்கிருந்து வருகிறதோ.

அடுத்த அறையின் மூலையில், மரக் கட்டையின் மேல் ஒரு பிள்ளையார் இருந்தார். தும்பிக்கை பாதி உடைந்திருந்தது. வயிற்றிலே வெள்ளை மையால் ஒரு இலக்கம் போட்டிருந்தார்கள். மகன் அவருக்கு முன்னால் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நான் போய் அவனுக்குப் பக்கத்தில் நின்றேன். கைகளைக் குறுக்கே போட்டு நெற்றியில் மூன்று முறை குட்டினேன். காதுகளைப் பிடித்தேன். சேலையோடு குந்தி எழும்பினேன். ஒன்று. இரண்டு. மூன்று.

பிள்ளையாருக்கு எந்தக் கோயிலிலும் நான் போடுகிற கணக்கு அதுதான். காதை விட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

"இன்னும் ஏழு" என்றது ஒரு குரல்.

என் மகனின் குரல். ஐந்து நாளுக்குப் பிறகு எனக்கென்று அவன் சொன்ன முதல் சொல். முகம் தீர்ப்புச் சொல்கிற நீதவான் முகமாக இருந்தது. சேட்டில்லாத சின்ன நெஞ்சு மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. திரும்பவும் காதைப் பிடித்தேன்.

நான்கு. ஐந்து. முழங்கால் கடகடத்தது. மகள் கெக்கட்டம் விட்டுச் சிரித்தாள். காவல்காரர் கதவடியில் வந்து நின்று, "தங்கச்சி, இவர் பூசை இல்லாத பிள்ளையார், உவ்வளவு வேண்டாம்" என்றார்.

"இது அவருக்கில்லை அண்ணை" என்றேன். ஆறு. ஏழு. எட்டில் மூச்சு வாங்கியது. சுவரைப் பிடிக்கப் போனேன்.

"பிடிக்கக் கூடாது" என்றான் மகன். "நான் பிடிக்கேல்லை."

ஒன்பது. பத்து. காதை விட்டேன். கொண்டை அவிழ்ந்து, வியர்த்து வழிய, காவல்காரர் பக்கம் திரும்பினேன்.

"அண்ணை, நீங்கள் அப்ப கேட்டியள். சிமினியை உடைச்சது நான்தான். பாவம், பழியை அவன்ரை தலையிலை போட்டுட்டன்."

அவர் மகனின் தலையைத் தடவிவிட்டு, தண்ணீர் எடுத்து வரப் போனார். மகன் இடுப்பிலிருந்த சேட்டை அவிழ்த்து, நின்று நிதானமாகப் பொத்தான் பூட்டினான். ஒரு பொத்தான் மாறிப் பூட்டியிருந்தான். நான் குனிந்து சரியாக்கினேன். விட்டான்.

திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது. என் கால் இரண்டும் வலியில் மிதிக்க மாட்டேன் என்றன. கோண்டாவிலுக்குக் கிட்ட வந்தபோது இரண்டு சின்னக் கைகள் என் இடுப்பைச் சுற்றி வந்தன.

"அம்மா, எனக்குப் பசிக்குது."

பின்னால் வந்த மகள் பழக்க தோஷத்தில், "அம்மா, தம்பிக்குப் பசிக்குதாம்" என்று கத்தினாள்.

"நான் சொல்லிப்போட்டன்" என்றான் அவன்.