யானைச் சிலைக்குப் பக்கத்தில்

எங்கள் வீட்டில் எந்தக் காரியத்தையும் நேராகச் செய்துவிட்டால் அது பெரிய குற்றம். பக்கத்து வீட்டில் ஏணி இரவல் கேட்கப் போனால்கூட, முதலில் அவர்கள் மருமகன் ஊரில் மழை உண்டா என்று விசாரித்து, கொடுத்த காபியைக் குடித்து, எழுந்து வந்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டேதான் ஏணிப் பேச்சை எடுப்பார்கள். இப்படிப்பட்ட குடும்பம் காரைக்குடியில் நடந்த ஒரு சிற்பக் கண்காட்சிக்கு உச்சி வெயில் இறங்குமுன் கிளம்பியதென்றால், அது சிற்பம் பார்க்கத்தானா என்று யாருக்கும் சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது. சிற்பம் பார்க்கப் போகிறோம் என்றார்கள், நம்பிவிட்டேன்.

கண்காட்சி எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, பெரிய வீடுகள் இருக்கும் பகுதியில் நடந்தது. வெளியூரிலிருந்து சிற்பம் படிக்கிற பிள்ளைகள் வந்து, தாங்கள் செய்ததையெல்லாம் லாரியில் கொண்டுவந்து தெருவோரமாக இறக்கியிருந்தார்கள். ‘அனுமதி இலவசம்’ என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தது. திறந்த தெருவில் யாரும் அனுமதி கேட்கப் போவதில்லை, ஆனாலும் எழுதியிருந்தார்கள். அந்த வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முகப்பு ஒரு தெருவில் இருந்தால் பின்கட்டு அடுத்த தெருவில்தான் போய் முடியும். பாதிச் சிலைகள் முன் தெருவில், பாதிச் சிலைகள் பின் தெருவில். இங்கே நிற்பவருக்கு அங்கே நிற்பவர் தெரியமாட்டார். நடுவில் முழு வீடு அடைத்துக்கொண்டிருக்கும். சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

போன காரியம் வேறு. என் சித்தி, அம்மாவின் தங்கை, தேவகோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். எங்கள் வீட்டில் தங்கித் தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். அவளைப் பெண் பார்க்க அதற்கு முன் சில பேர் வந்துபோயிருந்தார்கள். வருவார்கள், கேசரி சாப்பிடுவார்கள், சித்தியைப் பாடச் சொல்வார்கள், ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்பார்கள். தகவல் வராது. அல்லது, நிறம் கொஞ்சம் கம்மி, வயசு கொஞ்சம் கூட என்று யார் மூலமாகவோ சுற்றி வரும். கேசரி நன்றாக இருந்தது என்றும் சேர்த்துச் சொல்லி அனுப்புவார்கள். அம்மா அன்று பாத்திரத்தையெல்லாம் போட்டு உடைக்கிற மாதிரி கழுவுவாள். சித்தி மறுநாள் காலையில் வழக்கம்போல பஸ்ஸுக்குப் போய்விடுவாள். அவளுக்கு என்ன தோன்றுகிறது என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இந்த வரனைக் கொண்டுவந்தது அத்தை, அப்பாவின் அக்கா. மாப்பிள்ளைக்குக் கீழச்சிவல்பட்டி, வேலை சிங்கப்பூரில். லீவில் வந்திருந்தார். வந்தது ஆடி மாதம், போவதும் ஆடி முடிவதற்குள். ஆடியில் பெண் பார்க்கக் கூடாது. ஆவணி வரை மாப்பிள்ளைக்கு லீவு கிடையாது. இந்தச் சிக்கலுக்கு வேறு யாராக இருந்தாலும் ஆடியையாவது லீவையாவது விட்டுக்கொடுத்திருப்பார்கள். அத்தை இரண்டையும் விடவில்லை. பெண் பார்த்தால்தானே தப்பு? அவர்கள் பாட்டுக்கு ஒரு இடத்துக்கு வருகிறார்கள், நாம் பாட்டுக்கு அதே இடத்துக்குப் போகிறோம், கண்ணில் பட்டுவிட்டால் அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்றாள். கோயிலில் வைத்துக்கொள்ளலாமே என்று அப்பா கேட்டதற்கு அத்தை சொன்ன பதிலை அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

“கோயில்ல பாத்தா சாமி முன்னால பாத்ததாயிரும்டா. இந்தச் சிலைகளுக்கு முன்னால பாத்தா ஒண்ணுமில்ல.”

தற்செயலாகப் பார்ப்பதால் இரண்டு வீட்டாரும் போனில் பேசிக்கொள்ளக் கூடாது. அத்தை நம்பரும் தரமாட்டாள். நாலு மணிக்கு யானைச் சிலைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியது, அவ்வளவுதான். யானைச் சிலை என்று சொன்னது மாப்பிள்ளையின் அம்மா. அவருக்கு அதைச் சொன்னது கண்காட்சியைப் பார்த்துவிட்டுப் போன அவர் சொந்தக்காரர் யாரோ. எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டு அத்தை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றப் போய்விட்டாள். அங்கே கட்டியிருந்த குழாயில் பாட்டு அலறிய அலறலில் அவள் போன் அடித்தது அவளுக்கே கேட்கவில்லை.

இவை எல்லாம் பிற்பாடு எனக்குத் தெரிந்தவை. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் கழுத்தைச் சுற்றிலும் அரிக்கிற ஒரு பட்டுப்பாவாடைச் சட்டையும், தலை வலிக்க இழுத்துப் பின்னிய சடையும்தான்.

போய்ச் சேர்ந்தால் யானையைக் காணோம். யானை மட்டுமில்லை, இன்னதென்று சொல்லும்படியாக எதுவுமே இல்லை. இரும்புக் குழாய்களை வளைத்து ஒட்டிய ஒன்றில் ஒரு முனை கீழே தொங்கியது. இதுதான் தும்பிக்கை என்றார் அப்பா. கொஞ்சம் தள்ளி ஒரு கருங்கல்லின் இரண்டு பக்கமும் முறம் மாதிரி விரிந்திருந்தது. காது இருப்பதுதான் யானை என்றாள் அம்மா. தும்பிக்கை இல்லாமல் யானையா என்று அப்பா கேட்க, உங்கள் வீட்டு ஆட்கள் சொன்ன யானை இப்படித்தான் இருக்கும் என்று அம்மா சொல்ல, இரண்டு பேரும் ஆளுக்கொரு யானைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்கள். சித்தி நடுவில் நின்றாள்.

அப்பா தாடி வைத்த ஒரு பையனைப் பிடித்தார். அந்தக் குழாய்களைச் செய்தவனே அவன்தான். யானையா என்று கேட்டதும் அவன் முகம் சுருங்கிப்போயிற்று. அதன் பெயர் ‘வெளி’ என்றான். பக்கத்தில் சின்ன அட்டையில் எழுதியும் இருந்தது. அப்படியானால் எதுதான் யானை என்று அப்பா விடவில்லை.

“சார், நீங்க இதுல எதைப் பாக்குறீங்களோ அதான் இது,” என்றான் அவன்.

“தம்பி, நான் எதையும் பாப்பேன். வாறவுக யானையைப் பாக்கணுமே,” என்றார் அப்பா.

உண்மையில் அந்தக் கண்காட்சியைப் பார்க்க ஆசைப்பட்ட ஒரே ஆள் நான். கண்ணாடித் துண்டுகளை ஒட்டிய ஏதோ ஒன்று தெருக்கோடியில் மின்னியது. அங்கே போகட்டுமா என்றால் நில் என்றார்கள். இந்தக் குழாய்க்குள் கையை விடட்டுமா என்றால் தொடாதே என்றார்கள். சும்மா நின்றால் நேராக நில் என்றார்கள். யாருக்காக நிற்கிறோம் என்று கேட்டேன். யாருமில்லை என்றாள் அம்மா. யாருமில்லாததற்கு எதற்கு இத்தனை பவுடர் என்று கேட்டதற்குத் தலையில் ஒன்று விழுந்தது. வெயில் இரும்பில் பட்டு முகத்தில் அடித்தது. அம்மாவின் பவுடர் வழிந்து காதோரம் கோடு போட்டது. அவள் மணி பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், இந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டதற்கு என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு அக்கா, அக்கா என்று யாரும் எடுக்காத போனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சித்திதான் என் கையைப் பிடித்து, பிள்ளைக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கூட்டிப்போனாள். சீக்கிரம் வந்துவிடு, அவுக வந்துருவாக என்று அம்மா பின்னாலேயே கத்தினாள். தெருமுனையில் தண்ணீர் குடித்துவிட்டு, இந்தப் பக்கம் என்னதான் வைத்திருக்கிறார்கள் பார்ப்போம் என்று சித்தி பின் தெருவுக்குள் திரும்பினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பின் தெருவில் சிமெண்டில் செய்த ஒரு பெரிய மூட்டை இரண்டு தூண்களின் மேல் உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே நிழலில், அரக்குப் பட்டுப்புடவையில் ஒரு பெரியம்மா முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றார். பக்கத்தில் கட்டம் போட்ட சட்டையில் ஒருவர் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்கள் யாரோ எவரோ. சித்திக்குத் தெரிந்துவிட்டது. அத்தை கொடுத்திருந்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவில் இருந்தது அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரர்தான். அவர்களுக்குச் சித்தியைத் தெரிய வழியில்லை. சித்தியை ஸ்டூடியோவில் எடுத்து அனுப்பிய போட்டோவில், படம் எடுத்தவர் அவளை வெளுத்த வெளுப்பில் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

சித்தியின் நடை ஒரு நொடி நின்றது. திரும்பிப் போகப் போகிறாள் என்று நினைத்தேன். அதற்குள் அந்த அம்மாவே கூப்பிட்டுவிட்டார்.

“ஏத்தா, இங்க யானைச் சிலை எங்குட்டு இருக்கு? இதுதான்னு நெனச்சு அப்பப் புடிச்சு நிக்கிறோம். ஒரு ஈ காக்காயக் காணோம்.”

எந்த யானையைக் கேட்கிறீர்கள், எதற்கு என்று சித்தி விசாரித்தாள். அவ்வளவு சாதாரணமாகக் கேட்டாள். முன்பின் தெரியாதவர்களிடம்தான் சிலருக்கு வாய் திறக்கும். அந்த அம்மா மகனின் லீவு, ஆடி மாதம், கால் வலி எல்லாவற்றையும் கொட்டினார். ஒரு பெண்ணைப் பார்க்க வந்ததையும் சொன்னார். நல்ல பெண்ணா என்று கேட்டாள் சித்தி.

“என்னத்த நல்ல பொண்ணு. நாலு எடத்துல வேணாம்னு கழிச்ச பொண்ணுதான். இவன் போயிருவான், எனக்கு வீட்டுல ஒரு ஆளு வேணும்ல. அப்படியாப்பட்ட பொண்ணுன்னா எதுத்துப் பேசாது, அடங்கிக் கெடக்கும்.”

மகன் போனிலிருந்து தலையைத் தூக்கி, “பாத்துட்டுச் சரின்னு சொல்லிட்டுக் கெளம்புவோம்மா, நேரமாகுது,” என்றார். சித்தியின் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. சித்தி அவரைப் பார்த்தாள். எங்கள் வீட்டுக் கூடத்தில் தட்டை நீட்டிக்கொண்டு நின்றபோதெல்லாம் அவள் யாரையும் இப்படித் தலை நிமிர்ந்து பார்த்ததில்லை. ஒரு சிலையைப் பார்ப்பது போல நிதானமாக, நெற்றியிலிருந்து செருப்பு வரைக்கும் பார்த்தாள். அந்தத் தெருவில் யாரை வேண்டுமானாலும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்த அம்மா சித்தியின் முகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நீ யார் வீட்டுப் பிள்ளை, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார்.

“ஆயிருச்சும்மா. இவ என் மகதான்,” என்றாள் சித்தி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயைத் திறக்குமுன் என் கையில் ஒரு அழுத்தம் விழுந்தது. அந்த அம்மா பெருமூச்சு விட்டார். இப்படிக் களையான பிள்ளைகளெல்லாம் முன்னாடியே போய்விடுகின்றன, நமக்கு எங்கே அமைகிறது என்று தன் மகனிடம் சொன்னார். பிறகு மறுபடியும் யானைக்கு வழி கேட்டார். சித்தி ஊருணிப் பக்கம் கையைக் காட்டினாள். அங்குட்டு நேரா போங்க, கடைசியில் இருக்கும் என்றாள். ஊருணிக் கரையில் ஒரு சிலையும் இல்லை. அவர்கள் வெயிலில் இறங்கி நடந்து போனார்கள்.

முன் தெருவுக்குத் திரும்பியதும், யாராவது கண்ணில் பட்டார்களா என்று அம்மா ஓடிவந்தாள். ஒருத்தரையும் காணவில்லை என்றாள் சித்தி. பொழுது சாய்கிறவரை நின்றோம். தாடிப் பையன் அப்பாவுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான். பிறகு ஆட்டோவில் திரும்பினோம். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். இதுவும் போச்சே, இனி யார் வருவார்கள் என்று அழுதாள். இரவு அத்தை போன் செய்தபோது, நீங்கள்தான் வரவில்லை என்று இரண்டு வீட்டாரும் அவள் மூலமாகவே சண்டை போட்டு, அதோடு அந்தப் பேச்சு முறிந்தது. எங்கள் வீட்டில் யானை என்ற வார்த்தையைச் சொன்னாலே அம்மா எழுந்து உள்ளே போய்விடும் காலம் ஒன்று இருந்தது.

ஆட்டோவிலேயே நான் அம்மாவிடம் புகார் சொல்லிவிட்டேன். தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் யாரோ ஒரு அம்மாவிடம் சித்தி என்னைத் தன் மகள் என்று பொய் சொன்னாள் என்றேன். அவர்களும் யானையைத்தான் கேட்டார்கள் என்பது சொல்லத் தக்க விஷயமாகவே எனக்குப் படவில்லை. அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே, சொன்னால் என்ன, சித்தி என்றால் அம்மா மாதிரிதானே, அவளுக்கும் இந்நேரம் உன் வயதில் ஒன்று இருந்திருக்க வேண்டியதுதானே என்றாள். சொல்லிவிட்டு இன்னும் அழுதாள். என் வழக்கை எடுப்பார் இல்லை.

“விடுக்கா, அழுகாத,” என்று மட்டும் சொன்னாள் சித்தி. அவள் கை என் கையை விடவே இல்லை. அது ஈரமாக இருந்தது. பொய் சொன்ன கை என்று நான் வெடுக்கென்று உருவிக்கொண்டு தெருப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெண்ணைப் பார்த்து முடிவு சொல்ல ஆள் வருகிறது என்று எல்லோரும் காத்துக் கிடந்த அந்த நாளில், பார்த்ததும் முடிவு சொன்னதும் அவள்தான் என்பது எனக்குத் தெரியாது. வேண்டாம் என்ற ஒரு சொல்லை எங்கள் வீட்டுக்குள் வைத்துச் சொல்ல அவளுக்கு இடமே இருந்ததில்லை என்பதும், முதல் முறையாக அதைச் சொல்லிவிட்டு வந்தவள் பிடித்துக்கொள்ளத்தான் என் கை தேவைப்பட்டது என்பதும் எனக்கு அப்போது தெரியாது.