கழுத்து ரப்பரில் தேங்காய் எண்ணெய்

நாலாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன் நான். இன்று சுவிஸில் எனக்கு மூன்று கடைகள். ஒருவருடைய கையையும் பிடித்து ஏறவில்லை. மன்னார்க் கடலில் மூச்சை அடக்கிச் சங்கு குளித்த காலத்தில் என்னை வெல்ல ஆள் இருந்ததில்லை. என்னோடு குளித்தவர்களைக் கேட்டால் அவர்களே சொல்வார்கள். ஆனால் துன் ஏரியில் நடந்ததை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. துன் நகரில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். என்னோடு ஒரே அறையில் இருந்தவன் எங்கள் ஊர்க்காரன், என்னிலும் ஐந்து வயது இளையவன். ஒரு லீவு நாள் என் கன்வஸ் சப்பாத்தை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனான். வாடகைத் தோணியில் எழுந்து நின்றிருக்கிறான். தோணி கவிழ்ந்தது. அவனுக்கு நீந்தத் தெரியாது. பொலிஸ் சுழியோடிகள் நாலு நாள் தேடினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள்.

அவனுடைய தமையன் எம்மன்புரூக்கேயில் தொழிற்சாலை வேலை. ஓடி வந்தவனிடம், "அழாதை. மூண்டாம் நாள் உடம்பு தானா மிதக்கும். நான் கடல்காரன், எனக்குத் தெரியும்" என்றேன். என் பேச்சை நம்பி, மூன்றாம் நாள் அவன் புது வேட்டியொன்றை மடித்துக் கையில் வைத்தபடி விடிந்ததிலிருந்து கரையில் நின்றான். இருட்டும்வரை ஒன்றும் மிதக்கவில்லை.

தோணி வாடகைக்கு விடுகிற சுவிஸ்கார முதலாளி சுழியோடும் சாமான்களும் விற்பவர். அவர்தான் எனக்கு விளங்கப்படுத்தினார். "இது உங்கட கடல் இல்லை. அடியில எந்தக் காலமும் நாலு பாகைதான். அந்தக் குளிருக்கு உடம்பு ஊதாது. கீழையே கிடக்கும்."

ஊரில் தாய், ஒரு அடையாளமாவது கிடைக்காமல் பிள்ளைக்கு இறந்தவர் பூசை வைக்க விடமாட்டேன் என்று எழுதியிருந்தாள். தமையன் அந்தக் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினான்.

"நான் இறங்கி எடுத்துத் தாறன்" என்றேன்.

முதலாளி என் பிடிவாதத்துக்கு இறங்கி வந்தார். தண்ணீர் உள்ளே புகாத உடுப்பு இரண்டு எடுத்துப் போட்டார். ஒன்று பஞ்சு மாதிரி மொத்த ரப்பர். மற்றது மெல்லிய ரப்பர்த் துணி. அதற்குள் கம்பளி உடுப்புப் போட வேண்டும். மொத்தமானது ஆழத்தில் நசுங்கிச் சூட்டை விட்டுவிடும் என்றார். மெல்லியதை எடுத்தேன். கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கிப் பிடிக்கிற ரப்பர். அதை இழுத்து மாட்டும்போது முழி பிதுங்கும். "பவுடர் போட்டு மாட்டு" என்றார். பவுடர் என்ன, பொம்பிளையள் பூசுகிற சாமான்! சங்கு குளிக்கப் போகும்போது உடம்பு முழுக்க எண்ணெய் பூசிப் பழகியவன் நான். அவர் காணாமல் கழுத்தில் தேங்காய் எண்ணெய் தேய்த்தேன். ரப்பர் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

முதல் நாள் நெஞ்சில் இருந்த பொத்தானை அமத்தி உடுப்புக்குள் காற்றை அளவுக்கு மீறி விட்டுவிட்டேன். காற்று முழுக்கக் காலுக்கு ஏற, தலைகீழாகத் தொங்கினேன். முதலாளி என்னைப் புரட்டி எடுத்துவிட்டு, "மன்னார் மீன் எல்லாம் இப்பிடித்தான் நீந்துமோ?" என்று சிரித்தார். ஒரு மாதத்தில் அவரோடு சமமாக இறங்கினேன்.

அடுத்த ஞாயிறு முப்பது மீற்றர் ஆழத்தில் ஒரு கல்விளிம்பு. முதலாளி எனக்கு முதுகு காட்டி மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். என் விளக்கு வெளிச்சத்தில் ஒரு கன்வஸ் சப்பாத்து. அதன் கயிறு முந்தியே அறுந்து, சமையலறையில் இறைச்சி கட்டுகிற வெள்ளை நூலை நானே கோர்த்திருந்தேன். அந்த நூல் தெரிந்தது. அதற்கு மேலே சேற்றுக்குள் என்ன கிடந்தது என்று பார்க்கக் கையை நீட்டினேன். கழுத்து ரப்பர் பிய்ந்தது. நாலு பாகைத் தண்ணீர் நெஞ்சுக்குள் கத்திபோல் இறங்கியது. முதலாளி திரும்பி வந்து என்னை இழுத்துக்கொண்டு மேலே போனார்.

தோணியில் அவர் அந்த ரப்பரை மோந்து பார்த்தார். "எண்ணெயோ? எண்ணெய் ரப்பரைத் தின்னுமடா!" என்றார். ஒரு மாத எண்ணெயில் அது கள்ளிப்பால் மாதிரிப் பிசுபிசுத்திருந்தது.

கரையில் தமையன் நின்றான். "அண்ணை, ஏதும் கண்டனீங்களோ?"

கண்டேன் என்றால், ஏன் எடுக்கவில்லை என்று கேட்பான், எண்ணெய்க் கதை வெளியே வரும்.

"இல்லை" என்றேன். "பழைய உடுப்பு. பிஞ்சு போச்சு."

முதலாளிக்கும் சொல்லவில்லை. அடுத்த முறை நானே எடுத்துவிடலாம், பொய் அதோடு கரைந்துவிடும் என்று நினைத்தேன். புதுக் கழுத்து ரப்பர் ஒட்டி வர இரண்டு கிழமை. அதற்குள் பெருமழை பெய்து, ஆறு ஏரிக்குள் சேற்றைக் கொண்டுவந்து கொட்டியது. நாங்கள் இறங்கியபோது அந்தக் கல்விளிம்பே தெரியவில்லை. எங்கும் சேறு.

தாய் பிறகும் பல வருடம் உயிரோடு இருந்தாள். கல்லறைத் திருநாள் பூசைக்குக் கொடுக்கிற பெயர்களில் அவன் பெயரைக் கடைசிவரை சேர்க்க விடவில்லை. அவள் இறந்த செய்தி வந்த அன்று தமையன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கட ஆக்களில அவனுக்காகத் தண்ணிக்குள்ள இறங்கின ஆள் நீங்கள் ஒராள்தான், அண்ணை" என்று அழுதான். நானும் அழுதேன்.

அவன் இன்னும் எம்மன்புரூக்கேயில்தான் இருக்கிறான். இதை அச்சில் பார்க்க முன்னம் அவன் என் வாயால் கேட்க வேண்டும். இன்று காலையிலிருந்து இரண்டு தரம் தொலைபேசியை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.