இடது கதவுக்குப் போட்ட செம்பு

"...கடல் காத்துதான் காரணம்னு சொல்லிட்டுப் பேசாம இருந்துரலாம் வே. யாரு வந்து கேக்கப் போறா? ஆனா வலது கதவுக்கும் அதே காத்துதானே அடிக்கி?"

சொன்னவர் சுடலைமுத்து அண்ணாச்சி. தச்சநல்லூரில் சின்னதாக ஓர் அலுமினிய வார்ப்புப் பட்டறை வைத்திருப்பவர்.

வீட்டில் நசுங்கிக் கிடந்த பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு, அவரிடம் போட்டுவிட்டு வரலாம் என்று போயிருந்தேன். மனிதர் சாக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

படத்தில் ஓர் இரட்டைக் கதவு கேட். இரண்டு கதவிலும் ஒரே மாதிரி மயில். வலது மயில் பளபளவென்று நிற்கிறது. இடது மயிலுக்கோ உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு.

யார் வீட்டு கேட் என்று கேட்டேன். அங்கேதான் சிக்கல்.

அவர் மகள் சுதாவைக் கட்டிக்கொடுத்திருப்பது உடன்குடியைத் தாண்டி, அலைச் சத்தம் வாசலிலேயே கேட்கிற ஓர் ஊரில். போன வருடம் சம்பந்தி வீட்டார் புது வீடு கட்டியபோது, கேட் என் பொறுப்பு என்று தானாக முன்வந்தவர் அண்ணாச்சி. தன் கையாலேயே வார்த்தார். பெயின்ட் அடிக்க வேண்டாமா என்று அவர்கள் கேட்டதற்கு, வெள்ளி மாதிரி மின்னுகிற பொருளுக்கு எதற்குப் பெயின்ட் என்று மறுத்துவிட்டாராம்.

ஒரே ஒரு மழைக்காலம்தான் போனது...

சம்பந்தியம்மா வாய் கொஞ்சம் எலுமிச்சம்பழம். வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம், "எங்க வாசல்ல மயிலுக்கு அம்மை போட்டிருக்கு, பாத்து வாங்க" என்கிறாராம். இந்த மாதிரிப் பேச்சு காதில் விழுந்தால் உடனே நோட்டில் குறித்துக்கொள்வது என் வழக்கம். அண்ணாச்சி முகத்தைப் பார்த்துக்கொண்டு நோட்டை எடுக்க முடியுமா, சொல்லுங்கள்?

அந்த வார்த்தை காதுக்கு எட்டிய நாளோடு, கேட்டைச் சரிபண்ணாமல் அந்த வீட்டில் கை நனைப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். பொங்கல் சீர் கொண்டுபோனவர், கொடுத்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பியிருக்கிறார். இடையில் மாட்டிக்கொண்டவள் சுதா. அப்பா ஒரு வாய் சாப்பிடாமல் போன வீட்டில், அன்றைக்கு அவளுக்கு எப்படிச் சோறு இறங்கும்?

சரி. ஒரே பட்டறை, ஒரே கை, ஒரே கடல். ஒரு கதவுக்கு மட்டும் ஏன்?

இரண்டுக்கும் ஒரே சரக்கைத்தான் உருக்கினீர்களா என்று கேட்டேன். செல்போனை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு விஷயம் பைய வெளியே வந்தது.

வலது கதவை முதல் நாள் வார்த்தார். முழுக்கப் பழைய கார்களின் அலாய் வீல், அதாவது அலுமினியக் கலவைச் சக்கரங்கள். மறுநாள் இடது கதவு. உலை கொதிக்கும்போது ஒரு யோசனை. தங்கத்தில் செம்பு சேர்த்தால்தானே நகை உறுதியாக நிற்கிறது? இது மகள் வீட்டு வாசல். நாளைக்குப் பேரப்பிள்ளைகள் ஏறி ஆடப்போகிற கதவு. மோட்டாரில் பிரித்தெடுத்த நல்ல செம்புக் கம்பியாகப் பார்த்து, நாலைந்து கிலோ உள்ளே போட்டுவிட்டார்.

"அலுமினியத்தவிட விலை கூடுனது வே. பிள்ளைக்குன்னுதானே போட்டேன்" என்றார்.

நான் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்காதவன். ஆனாலும் விடாமல் தேடிப் படித்ததில் விஷயம் பிடிபட்டது.

அலுமினியம் காற்றுப் பட்டதுமே தன்மேல் ஒரு தோலைப் போர்த்திக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோல். கீறினாலும் உடனே மூடிக்கொள்ளும். இரும்பு மாதிரி அது துருப்பிடித்து உதிராமல் இருப்பது அந்தத் தோலின் புண்ணியம். இதோடு சிலிக்கானும் கொஞ்சம் மக்னீசியமும் சேர்ந்தால் — அலாய் வீலில் இருப்பது பெரும்பாலும் அதுதான் — அச்சுக்குள் நன்றாக ஓடும், உறுதியும் வரும், தோலுக்கும் பெரிய சேதமில்லை.

செம்பு? உறுதி கொடுக்கும், சந்தேகமே இல்லை. அண்ணாச்சி போட்ட கணக்கில் பாதி சரி. ஆனால் உருகியது ஆறி இறுகும்போது செம்பு எல்லா இடத்திலும் சமமாக நிற்பதில்லை. உலோகம் மணி மணியாக இறுக, அந்த மணிகளின் இடுக்குகளில் செம்பு நிறைந்த துணுக்குகளாக ஒதுங்கிவிடுகிறது. அந்த இடங்களில் தோல் பலவீனம். உப்பு ஈரம் பட்டால் போதும் — ஒவ்வொரு துணுக்கும் பக்கத்து அலுமினியமும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி ஆகிவிடும். பேட்டரி ஓட ஓடக் கரைவது அலுமினியம்தான். மேலே வெள்ளைப் பொருக்கு, அடியில் குழி. கடற்காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அதற்கு வழி திறந்துவிட்டது செம்பு.

மறுபடி பட்டறைக்குப் போய் இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். அண்ணாச்சி நம்பினாரா? ம்ஹூம். படித்தது இருக்கட்டும், கண்ணால் பார்ப்போம் என்று இரண்டு கலவையிலும் ஒவ்வொரு பட்டை வார்த்தார். கல்லுப்பு கரைத்த வாளியில் தொங்கவிட்டார். நாற்பது நாள், காலையில் வந்ததும் முதல் வேலை வாளியை எட்டிப் பார்ப்பது. செம்புப் பட்டையில் பொருக்குத் தட்டிவிட்டது. மற்றது லேசாக மங்கியதோடு சரி.

பழைய கதவையே மறுபடி உருக்கினால் ஆகாதா? ஆகாது. கலந்த செம்பு அவருடைய உலையில் பிரிந்து வராது. அலாய் வீலில் புதிதாக ஓர் இடது மயில் வார்த்தார்.

மயில் தயார். போய்ச் சொல்லவேண்டிய காரணம்? கடல் காற்று என்ற சாக்கு இன்னும் கைவசம் இருந்தது. பெண்ணைக் கொடுத்தவர், மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்று தப்பு என்மேல்தான் என்று சொல்வது நம் பக்கம் லேசுப்பட்ட காரியமா?

போன ஞாயிற்றுக்கிழமை கதவை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். துணைக்கு நான். வழியெல்லாம் அண்ணாச்சி ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டே வந்தார். கதவை மாட்டி முடிக்கும்வரை சம்பந்தியம்மா படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால் சுதா.

கையைத் துடைத்துவிட்டு, அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து இரண்டு பட்டைகளையும் எடுத்து நீட்டினார்.

"கடல் மேல குத்தம் இல்ல தங்கச்சி. நாந்தான் தெரியாம செம்பைப் போட்டுட்டேன்" என்றார். தங்கம், நகை, பேரப்பிள்ளை... மிச்சத்தையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார்.

அந்தம்மா குழி விழுந்த பட்டையை விரலால் தடவினார். நான் அடுத்த எலுமிச்சம்பழத்துக்குத் தயாராக நின்றேன்.

"அப்ப எங்க வீட்டுக்குன்னு விலை கூடுனதாப் பாத்துப் போட்டிருக்கீக" என்றார் பைய. "இத மொதல்லயே சொல்லியிருந்தா, நான் எதுக்கு அண்ணாச்சி அம்மை கிம்மைன்னு பேசப் போறேன்?"

பழைய கதவை ஆட்டோவில் ஏற்றவும் விடவில்லை. பெயின்ட் அடித்துக் கோழிக்கூட்டுக்குப் போட்டுக்கொள்வாராம். கோழி வாசலில் மயில்!

பிரியத்தில் நாம் விலை கூடியதைத்தான் அள்ளிப் போடுகிறோம். போகிற இடத்துக் காற்றுக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்று யார் கேட்கிறோம்? ஆனால் செம்பு ஒன்றும் கெட்டது இல்லை. விமானத்துக்குப் பெரும்பாலும் செம்பு கலந்த அலுமினியம்தானாம் — அதன்மேல் சுத்த அலுமினியத்தை மெல்லிசாகப் போர்த்திவிடுகிறார்கள். பெயின்ட் போர்த்திக்கொள்ளப்போகிற அந்தக் கோழிக்கூட்டுக் கதவு மாதிரி, தப்பு நடந்த பிறகும் ஏதோ ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது.

சுதா சாப்பிடக் கூப்பிட்டாள்.

அண்ணாச்சி புதுக் கதவை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். உள்ளே போய்க் கை கழுவினார். இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரசத்துக்கு இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கினார்.